காளியம்மாள் வாசலில் பிடித்த பிரேக்

1990 தை மாதம் தொடங்கிப் பதினொரு முறை சாரங்கபாணியின் மாருதி கார் காளியம்மாள் குடிசை வாசலில் நின்றது. காலையில் மாட்டிய புது பிரேக் பிஸ்டனில் அந்த இடத்துக்கு வருவதற்குள் முப்பது வருடத் துரு ஏறியிருந்தது. ஊரில் இதை உர விலை ஏறியதைப் போலத்தான் பேசிக்கொண்டார்கள்.

சாரங்கபாணி கெட்டவர் அல்ல, பயந்தவர். நெடுநாளாகக் குடியிருப்பவர்களுக்கே மனை என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. அவர் நிலத்தில் குடியிருந்த காளியம்மாள் பட்டா கேட்டதும், மூன்று சென்ட்டை விட்டால் வயலே போய்விடும் என்று நடுங்கினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் போன வருடம்தான் குடிசை போட்டாள் என்று பொய்யாக ஒரு மனு எழுதினார். அவர் வயலிலேயே நட்டு அறுத்த அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது, பாவம். மனுவோடு மன்னார்குடி தாலுகா ஆபீசுக்குப் போகிற ஒரே சாலை அவள் வாசல் வழியே போயிற்று. பஸ்ஸில் போயிருக்கலாம், மிராசுதார் கௌரவம் என்னாவது?

முன் சக்கரம் இறுகிப் புகையும். காளியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவருவாள். அந்தத் தெருத் தண்ணீர் அவர் வீட்டார் தொண்டையில் இறங்கியதே இல்லை.

"நீங்க குடிக்க வேணாங்கய்யா. சக்கரத்துக்காவது ஊத்தட்டுங்களா?"

அவர் தலையாட்டுவார். சக்கரம் குடிக்கும், அவர் வெயிலில் நாக்கு வறண்டு நிற்பார். கணவர் இறந்தபின் மெக்கானிக் பட்டறையை நடத்திவந்த லத்தீஃபா மொபெட்டில் வந்து, காற்றடித்துப் பிஸ்டனை வெளியே தள்ளி, புதிது மாட்டி, ரப்பர் வளையம் மாற்றுவாள். கார் வீடு திரும்பும். மன்னார்குடிப் பக்கம் மட்டும் போகாது.

பதினொன்றாம் முறை லத்தீஃபா காரைத் தொடுவதற்கு முன்பே, போன தடவை கழற்றிய பிஸ்டனை அவர் கையில் வைத்தாள்.

"இது நேத்து வந்த துரு இல்லீங்கய்யா. முப்பது வருசம் ஒரே எடத்துல கெடந்தாத்தான் இப்படிக் குழி விழும்."

"முப்பத்தொண்ணுங்க," என்றாள் காளியம்மாள். "ஐயா கல்யாணத்தன்னிக்குத்தான் இங்க குடி வந்தோம்."

காளியம்மாள் சொம்பைச் சக்கரத்தின் பக்கம் சாய்த்தாள்.

லத்தீஃபா தடுத்தாள். "கொதிக்கிற டிஸ்க்குல ஊத்தாதீங்கக்கா, கோணிக்கும். தாகமா நிக்கிறவரு குடிக்கட்டும்."

அவர் சொம்பை வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, வாய் வைத்தே குடித்தார். லத்தீஃபா கை வைக்காமலே சக்கரம் சுழன்றது. மன்னார்குடியில் 'போன வருடம்' என்பதை அடித்துவிட்டு 'முப்பத்தொரு வருடம்' என்று எழுதிக் கொடுத்தார். ஆவணியில் பட்டா வந்தது.

அதன்பிறகும் கார் அங்கே நிற்கத்தான் செய்தது. பிரேக்கில் குறை ஒன்றுமில்லை என்றாள் லத்தீஃபா. அவர் இறங்கி ஒரு சொம்பு குடித்தால் கிளம்பிவிடும். கடைசிவரை சாரங்கபாணி மன்னார்குடிக்குக் கால்மணி நேரம் முன்னதாகவே வீட்டை விட்டுப் புறப்படுவார்.