முதுகுக்குப் பின்னால் நின்றது யார்?

சனோபர் பாண்டிச்சேரியில் ஓவியம் படிக்கிறாள். வாத்தியார் காட்டிய பழைய ஐரோப்பியப் படங்களில் எல்லாம் ஒரே கதைதான். சீறும் கடல் அல்லது மலை, அதன் முன்னால் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒற்றை மனிதன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதவன். அவன் எப்போதும் ஆண்பிள்ளையாகவே இருந்தது அவளுக்கு உறுத்தியது.

மரக்காணத்துக்காரி சும்மா விடுவாளா? ஊரை ஒட்டிய கழுவெளி ஏரிக்கரையில், முதுகைக் காட்டியபடி தன்னையே நிறுத்தி வரைந்துவிட்டாள். மேலே கருமேகம், காற்றில் பறக்கும் துப்பட்டா. உப்புப் பாத்தி, லாரி, மின்கம்பம், வழியோடு போகிறவர்கள் எல்லாம் நின்று "பஸ்ஸுக்கு நிக்கிறியாம்மா?" என்று விசாரித்தது, எதுவும் படத்தில் இல்லை.

படம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. மாஷா அல்லாஹ் என்று குவிந்தது. ஃபாயிசா மாமிதான் கேட்டாள்.

"புள்ள தனியா நிக்குது, சரி. பின்னாடி நின்னு பாத்தது யாரு?"

குழு முழுக்க அதே கேள்வியைப் பிடித்துக்கொண்டது. மனசிலிருந்து வரைந்தேன் என்று சனோபர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அத்தா முஹம்மது யூசுப் கடையை மூடிக்கொண்டு வந்தார்.

"நாளையிலேர்ந்து காலேஜ் வேணாம்."

சனோபருக்குப் பொறுக்கவில்லை. ஐரோப்பாவில் எவனையாவது இப்படிக் கேட்டிருப்பார்களா?

அம்மா சைபுன்னிசா ஈரக்கையைத் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்தாள். "நாந்தான் நின்னேன். ஏன், நான் நிக்கக்கூடாதா?"

சுத்தப் பொய். அத்தா முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கடைக்கே திரும்பிப் போனார்.

பொய் சொன்னவள் அதோடு விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சனோபர் கழுவெளிக்கு வரையப் போனபோது அவளும் கிளம்பிவிட்டாள், குடை, ஃப்ளாஸ்க், முறுக்கு டப்பா சகிதம். ஆளரவமற்ற இயற்கையில் கடக் கடக்கென்று முறுக்குச் சத்தம். சனோபர் பல்லைக் கடித்துக்கொண்டு மேகம் வரைந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அம்மா எழுந்து தண்ணீர் ஓரமாகப் போயிருந்தாள். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இதே ஊர்தான். ஆனால் ஒரு வேலையும் இல்லாமல் இங்கே வந்து நின்றதில்லை. காற்று புர்காவை அள்ளிக்கொண்டு போகப் பார்த்தது.

"அம்மா, போலாமா?"

"கொஞ்ச நேரம் பேசாம இரு. இப்பதான வந்தேன்."

அம்மாவை இவ்வளவு தனியாக சனோபர் பார்த்ததே இல்லை. கண் கலங்கியது. வரைந்த மேகத்தைத் தள்ளிவிட்டுப் புதுத் தாளை எடுத்தாள்.

பின்னால் உப்பு லாரி ஒன்று வேகம் குறைந்தது. டிரைவர் தலையை நீட்டினார். "பஸ்ஸுக்கு நிக்கிறீங்களாம்மா?"

அம்மா திரும்பவே இல்லை.

"இல்லப்பா. சும்மா நிக்கிறேன்."