கவனிக்க ஆளில்லாத அம்மா

விசா ஆலோசகர் தாளை மேஜைமேல் திருப்பி வைத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் படித்தான். ‘ஒன்பது ஆண்டுகளாக நான் என் தாயாருடன் வசிக்கவில்லை. அவரைப் பராமரிக்கவில்லை. இனியும் பராமரிக்க எனக்கு விருப்பமில்லை.’ அன்று காலையில்தான் அம்மாவுக்கு இன்சுலின் ஊசி போட்டுவிட்டு வந்திருந்தான். விரலில் ஸ்பிரிட் வாசனைகூடப் போயிருக்கவில்லை.

“விருப்பமில்லைன்னு எதுக்கு சார்? முடியலன்னு போட்டா போதாதா?”

“முடியலன்னா ஏன் முடியலன்னு கேப்பாங்க. விருப்பமில்லைன்னா மேல கேள்வி கிடையாது.”

ஆலோசகரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி பேசுவார், அவ்வளவுதான். அம்மாவை வெளிநாட்டில் இருக்கும் அக்காவிடம் அனுப்ப மூன்று வழிகள் இருப்பதாக முதல் நாளே விளக்கியிருந்தார். சுற்றுலா விசா என்றால் ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட வேண்டும். பெற்றோரை அழைத்துக்கொள்ளும் வரிசையில் நின்றால் எட்டு வருடம் ஆகும். அதற்குள் அம்மா எந்த வரிசையில் நிற்பாளோ. மூன்றாவது, சொந்த நாட்டில் கவனிக்க ஒரு நாதியும் இல்லாத பெற்றோருக்கானது. ஒரே வருடத்தில் முடிந்துவிடும். அதற்கு இருக்கிற ஒரே இடைஞ்சல் நீங்கள்தான் என்றார், சிரித்த முகத்தோடு.

அக்கா அம்மாவைக் கூப்பிட்டதற்கும் காரணம் இருந்தது. ஊரின் அந்தக் கோடியில் ஒரு கடையில் கம்ப்ரஸர் மாற்றிக்கொண்டிருந்தான் அன்று. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஈரத் தரையிலேயே கிடந்தாள். நான் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறவள், நீ வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா என்று அக்கா கேட்டாள். அந்த நான்கு மணி நேரத்தை நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போட்டான்.

போட்டது போதாது, வீட்டையும் விட்டுப் போக வேண்டும், விசாரிக்க யாராவது வரலாம் என்றார் ஆலோசகர். இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்துக்கொண்டான். காலையும் மாலையும் ஊசி போட, பின்வாசல் வழியாக அக்கம்பக்கம் பார்த்து வந்தான். பெற்ற தாயைப் பார்க்கத் திருட்டுப் பூனையாக வந்துபோன பிள்ளை அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அதிகாரியின் விசாரணை வீடியோவில் நடந்தது. ஆலோசகர் மூன்று வாரமாக அம்மாவுக்குப் பாடம் எடுத்திருந்தார். ஃபோனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அவன் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதிகாரி கேட்டதை ஒரு பெண் தமிழில் சொன்னாள். ஊசி யார் போடுவது? நானே போட்டுக்கொள்கிறேன். சமையல்? நானே. மகன்? எட்டிக்கூடப் பார்க்கிறதில்லை. அந்த இடத்தில் அழ வேண்டும் என்று பாடத்தில் இல்லை. அம்மா அழுதாள்.

பாடத்தில் இல்லாத இன்னொன்றும் வந்தது. “இந்த ஃபோனை யாரும்மா உங்களுக்கு வெச்சுக் குடுத்தாங்க?”

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவர். தெரிஞ்சவர்தான்.”

பிறந்ததிலிருந்து அவனை டேய் என்று மட்டுமே அழைத்தவள் முதன்முதலாகக் கொடுத்த மரியாதை அது. ஃபோன் அணைந்ததும், சரியாகச் சொன்னேனா என்று பயந்த குரலில் கேட்டாள். நூற்றுக்கு நூறு என்றான். “அப்ப அந்த ஃப்ரிட்ஜ்காரருக்கு ஒரு டீ போடட்டுமா?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. விசா வந்தது, அம்மா போனாள்.

பதினான்கு மாதம் கழித்து அக்கா அழைத்தாள். அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, ஒரு வாரம் தாண்டுவது கஷ்டம் என்கிறார்கள், கிளம்பி வா என்றாள். அவன் வேலைப் பையோடு நேரே ஆலோசகரிடம் ஓடினான். அவசர விசா உண்டு, நாலே நாளில் கிடைக்கும் என்று ஆரம்பித்தவர், பழைய கோப்பைத் திறந்தார். தாளை மறுபடியும் அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

“அம்மாவைப் பாக்கணும்னு நீங்க எழுதினதும் அவங்க ஃபைலை எடுப்பாங்க. விருப்பமில்லைன்னு எழுதிக் குடுத்த பிள்ளை இப்ப ஏன் ஓடி வர்றான்னு கேப்பாங்க.”

“அது பொய்யின்னு நானே எழுதித் தர்றேன் சார்.”

அப்படி எழுதினால் அம்மாவின் விசா செல்லாது, அக்காவின் மேலும் வழக்கு வரும் என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் தன் கையால் கெட்டான்.

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து அக்காவை வீடியோவில் அழைத்தான். அவள் ஃபோனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா பாதியாகிப் போயிருந்தாள்.

“எப்படா வர்றே?”

வருகிறேன் என்றான். வேறு என்ன சொல்வான்? அங்கே ஒரு நர்ஸ் வந்து, கையிலிருந்த தாளில் எதையோ எழுதிக்கொண்டே, திரையைப் பார்த்து அவள் மொழியில் ஏதோ கேட்டாள். யார் இவர் என்று சும்மாதான் கேட்கிறாள் என்றாள் அக்கா. அம்மாவின் கண் அந்தத் தாளிலும் பேனாவிலும் நிலைகுத்தியிருந்தது. அக்கா பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“தெரிஞ்சவர்,” என்றாள், இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி. “ஊர்ல ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவர்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா பேனாவை விட்டு அவன் பக்கம் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக், ஆமாங்க என்று தலையாட்டினான்.