பிளாஸ்ரிக் கழற்றாத மெத்தை

சந்திரவதனா வீட்டுக்கு மெத்தை வந்த அன்று எங்கள் ஒன்பதாம் மாடியில் எல்லாக் கதவுகளும் திறந்துதான் இருந்தன. நான் மட்டும் எட்டிப் பார்த்தேன் என்று பிறகு சிலர் கதைத்தார்கள். அது சுத்தப் பொய். எட்டிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மெத்தை எலிவேற்றருக்குள் அடங்காமல், கடைப் பொடியன்கள் இரண்டு பேர் படிவழியே தூக்கிவந்து, சரியாக என் கதவுக்கு முன்னால் வைத்துத்தான் மூச்சு வாங்கினார்கள்.

"கொஞ்சம் விலகுங்கோ அக்கா, உரஞ்சப்போகுது" என்றாள் சந்திரவதனா. என் வீட்டு வாசலில் நிற்கிற என்னைப் பார்த்து.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்களுக்கு வாய்த்த கட்டடத்தின் சுவர் எப்படி என்றால், அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். ஆகவே அவர்கள் வீட்டுச் சங்கதி எனக்குத் தெரிந்திருப்பதில் என் பிழை ஒன்றும் இல்லை.

சந்திரவதனாவுக்குப் பகலில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. ஊர் பேர் தெரியாத சனம் படுத்தெழும்பிய கட்டில்களுக்கு நாள் முழுக்க விரிப்பு மாற்றுகிறவள். அவளுடைய மனுசன் அருள்நாயகத்துக்கு இரவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. பெட்டி தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. நல்ல மெத்தையில் படுக்கச் சொல்லி டொக்டர் சொன்னாராம். டொக்டர்மாருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். சந்திரவதனா அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு குளிர்காலம் முழுக்க ஓவர்டைம் செய்து, கடையில் இருந்தவற்றிலேயே விலை கூடிய மெத்தையை வாங்கினாள். விலையைச் சொன்னபோது நாகரிகம் கருதி நான் முகத்தை மாற்றவில்லை. வீட்டுக்குள் வந்துதான் என் மனுசனிடம் சொன்னேன்.

"அந்தக் காசுக்கு ஓடுற கார் ஒண்டு வாங்கலாமே" என்றார் அவர்.

"காரிலை படுக்க ஏலுமே?" என்று நான் சந்திரவதனாவுக்காகப் பரிந்து பேசினேன். என்னைப்பற்றி யாரும் இதையெல்லாம் சொல்லமாட்டார்கள்.

எங்கள் ஆட்களில் யாராவது பெரிதாக ஒன்று வாங்கினால் போய்ப் பார்க்கவேண்டும். அது முறை. நானும் போனேன். தேத்தண்ணியும் பொரித்த பற்றிசும் தந்து, படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நடு அறையில் மெத்தை, வந்தபடியே, தடித்த பிளாஸ்ரிக் உறைக்குள் பளபளத்துக்கொண்டு கிடந்தது. உள்ளே பூவேலைப்பாடு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது.

"அமத்திப் பாருங்கோ அக்கா" என்றாள்.

அமத்தினேன். சரக் என்றது.

"உந்தப் பிளாஸ்ரிக்கை எப்ப கழட்டப்போறாய்?"

"என்ன விசர்க் கதை அக்கா? இந்த அபார்ட்மென்ரிலை கரப்பான் ஓடுற ஓட்டத்துக்கு, இதைக் கழட்டினா முதல்ல அவையள்தான் ஏறிப் படுப்பினம். ஊத்தை பட்டா காரண்டியும் போயிடும். இது வீடு வாங்கின பிறகு கழட்டுறது."

"வீடு எப்ப வாங்கிறியள்?"

"வாங்குவம்தானே."

இதற்கு மேல் எந்த வாயால் கேட்பது? ரொறன்ரோவில் எங்கள் சனத்துக்கு எல்லாமே வீடு வாங்கின பிறகுதான். நல்ல கோப்பைகள் பெட்டிக்குள், நல்ல திரைச்சீலை மடிப்புக்குள். அபார்ட்மென்ரில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. அப்படியே பத்து வருடம் இருந்துவிட்டாலும் சேராது. ஆனால் கோப்பையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறொன்றில் தேத்தண்ணி குடிக்கலாம். அவர்களுடைய பழைய மெத்தையையோ, வந்த பொடியன்கள் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு தொடங்கியது சத்தம்.

காலையில் சந்திரவதனா வேலைக்குப் போவாள், அருள்நாயகம் வேலையால் வருவார். இருவரும் எலிவேற்றர் வாசலில் ஒருவரையொருவர் கண்டால் அன்றைக்கு நல்ல நாள். அவர் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துக்கு வெயில் நேரே அந்த அறைக்குள் விழும். கோடைகாலம். பிளாஸ்ரிக் சூடேறி முதுகில் ஒட்டும். புரண்டால் சரக். மறுபடி புரண்டால் சரக் சரக். மேலே விரித்த துணி வழுக்கிக்கொண்டு போக, அவரும் அதோடு வழுக்கிக் கீழே தொப்பென்று விழுவார். பிறகு ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுகூட எனக்குக் கேட்கும். நான் இந்தப் பக்கம் கசெற்றில் ஒரு பாட்டை ஒழுங்காகக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது.

ஆனால் வெளியில் யாராவது கேட்டால் அருள்நாயகத்தின் பதிலே வேறு. "சோக்கான மெத்தை. காசு போனாலும் கவலையில்லை. நீங்களும் ஒண்டு எடுங்கோ" என்பார். கண் இரண்டும் சிவந்து, தாடை தொங்கி, எலிவேற்றர்ச் சுவரில் சாய்ந்தபடி.

ஒருநாள் எலிவேற்றரில் நானும் அவரும் மட்டும் அகப்பட்டோம்.

"தம்பி, என்னட்டை உந்தக் கதை விடாதேயும். எனக்குக் காது இருக்கு" என்றேன்.

அவர் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார்.

"வேலையிலை போர்மன் ரெண்டு தரம் பிடிச்சிட்டான் அக்கா. பெட்டியிலை சாஞ்சு நிண்டபடி நித்திரையாம் நான். இன்னொரு தரம் கண்டா வேலையில்லை எண்டிட்டான்."

"பிறகென்ன? ஒரு கத்தியை எடுத்து உந்தப் பிளாஸ்ரிக்கைக் கிழியுமன்!"

"அவள் என்ரை இடுப்புக்கெண்டு பனிக்குள்ளை ஓவர்டைம் செய்து வாங்கினது. ஒவ்வொரு நாளும் வந்து, நல்ல நித்திரையோ எண்டு ஆசையாய்க் கேக்கிறாள். ஏலாது எண்டு என்னெண்டு அக்கா சொல்லுறது? நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். அன்று பின்னேரமே சொன்னேன். வேலை போகப்போகிறது என்றால் யாராவது சொல்லத்தானே வேண்டும்? போர்மன் கதையை விட்டுவிட்டு, "வதனா, உம்மடை மனுசனுக்குப் பகலிலை நித்திரை வருதில்லைப்போல" என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"நான் கேட்டனான் அக்கா. நல்ல நித்திரை எண்டு அவரே சொன்னவர். நானும் இரவிலை அதிலைதானே படுக்கிறன், எனக்கு ஒரு சத்தமும் இல்லை. உங்களுக்கு மெத்தை வேணுமெண்டா வாங்குங்கோவன். ஏன் எங்கடையைக் குறை சொல்லுறியள்?"

எனக்கு இது வேண்டும். நல்லது நினைக்கப் போனதற்குக் கிடைத்த மரியாதை. அவள் கதவைச் சாத்தியதில் என் வீட்டுக் கலண்டர் ஆடியது.

அதற்குப் பிறகு ஒரு காலை, சத்தம் கேட்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அடடா, கழற்றிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் குளிக்கிற சத்தமும் இல்லை, கதவு திறக்கிற சத்தமும் இல்லை. மனுசன் காலையில் வீட்டுக்கு வருவதே இல்லை. பின்னேரம், சந்திரவதனா வருவதற்குச் சற்று முன்னர்தான் மெல்ல வந்து சேர்கிறார். இதை நான் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்?

விடை ஏழாம் மாடி வனஜாவிடமிருந்து வந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளை, மோர்னிங்சைட் பக்கம் ஒரு பிளாசாவில் டோனட் கடையில் வேலை. லோண்டரி அறையில் வைத்துச் சொன்னாள்.

"அக்கா, உங்க பக்கத்து வீட்டு சார் டெய்லி காலைல எங்க பிளாசாவுலதான் பஸ் இறங்கறார். ஒரு காப்பிகூட வாங்கறதில்ல. நேரா கடைக்கோடிக்குப் போயிடறார். மத்தியானத்துக்கு மேலதான் வெளிய வர்றார். தலையெல்லாம் கலைஞ்சிருக்கு, சட்டையெல்லாம் கசங்கிருக்கு. ஆனா முகத்துல மட்டும் அப்படி ஒரு களை."

தலை கலைந்து, சட்டை கசங்கி, முகத்தில் களை. நான் உடுப்பைக் காயப்போட மறந்துபோனேன்.

சந்திரவதனாவிடம் இதை ஒளிக்கக்கூடாது என்று பட்டது. அவளுக்கு லீவு நாளாகப் பார்த்துப் போய், "நான் ஒண்டும் சொல்ல வரேல்லை, வனஜா கண்டதைத்தான் சொல்லுறன்" என்று தொடங்கினேன். கேட்டுக்கொண்டிருந்தவளின் முகம் கடுதாசி போலாகிவிட்டது. என்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன். பாயவில்லை.

"சத்தியமாய் அக்கா, எல்லாம் அவருக்கெண்டுதானே செய்தனான்" என்றாள். பிறகு கைப்பையை எடுத்தாள். "வாங்கோ. எனக்கு அந்த இடத்தைக் காட்டுங்கோ."

பஸ்ஸில் ஏறினோம். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் நெரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக்கூட மனம் ஒருமாதிரி இருந்தது. ஆனாலும் ஜன்னலோரம் நான்தான் இருந்தேன், பிளாசா வந்ததும் நான்தான் மணியடித்தேன்.

பிளாசாவின் கடைக்கோடியில் இருந்தது ஒரு தளபாடக் கடை. அதைக் கண்டதும் சந்திரவதனா நின்றுவிட்டாள்.

"இது நாங்கள் மெத்தை வாங்கின கடையெல்லோ?"

உள்ளே போனோம். கதிரைகள், மேசைகள், அலுமாரிகளுக்கு அப்பால், மூலையில், காட்சிக்கு வைத்த மெத்தை ஒன்றின் மேல் அருள்நாயகம் படுத்திருந்தார். சப்பாத்து இரண்டும் கீழே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. வாய் திறந்திருந்தது. குறட்டை நிதானமாக, இடைவெளி விட்டு, ஒரு கவலையும் இல்லாத மனிதனின் குறட்டையாக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டி, சட்டையில் பஸ்ரியன் என்று பெயர் குத்திய சேல்ஸ்மன், ஒரு இளம் தம்பதிக்கு அவரைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"பாருங்கோ, இது நடிப்பில்லை. இரவு வேலை முடிஞ்சு வாற மனுசன். எங்கடை கஸ்ரமர்தான். இதே மெத்தை வாங்கி வீட்டிலை வைச்சிருக்கிறார்."

"பிறகேன் இஞ்சை வந்து படுக்கிறார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். கெட்டிக்காரி.

"அவ்வளவு விருப்பம், தங்கச்சி" என்றான் பஸ்ரியன். எங்களைக் கண்டதும் வாயில் விரலை வைத்தான். "மெதுவாய் வாங்கோ அக்கா. ஆள் இப்பதான் அயர்ந்தவர்."

சந்திரவதனா மெத்தைக்குக் கிட்டப் போனாள். நான் ஒரு கத்தலுக்குத் தயாராக நின்றேன். அவள் மனுசனை எழுப்பவில்லை. அவருடைய காலடியில் வெறுமையாய்க் கிடந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். பூவேலைப்பாட்டின் மேல் கை மெல்ல அமிழ்ந்தது. சத்தம் வரவில்லை. தான் வாங்கிய அதே சாமானை, உறையில்லாமல், அவள் அன்றுதான் முதல்தரம் தொடுகிறாள்.

"இவ்வளவு மிருதுவே இது?" என்றாள். எனக்கல்ல, யாருக்குமல்ல.

அருள்நாயகம் கண் விழித்தார். மனுசியைக் கண்டதும் படக்கென்று எழும்பிச் சப்பாத்தைத் தேடினார்.

"வதனா... பஸ் கொஞ்சம் பிந்திப்போச்சுதப்பா."

"எத்தினை நாளாய்ப் பஸ் பிந்துது?"

அவர் குனிந்து ஒரு சப்பாத்தைப் போட்டார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீர் ஆசையாய் வாங்கினது. அதைப்போய் நான்..." என்றவர், பிறகு போர்மன் கதையையும் சொன்னார். வேலை போனால் வீடு வாங்கிற கதை எங்கே என்று பயந்து, ஒருநாள் சும்மா கடைக்குள் வந்து, சும்மா இருந்து பார்த்து, சும்மா சரிந்தாராம். பஸ்ரியன் எழுப்பவில்லையாம். அன்றைக்கே அவரைப் பார்த்து யாரோ மெத்தை வாங்கிவிட்டார்களாம்.

சந்திரவதனாவின் கண் நிறைந்துவிட்டது. நல்ல நேரம் என்று நான் இடையில் புகுந்தேன்.

"போகட்டும் விடு, வதனா. இப்பவே வீட்டை போய்க் கத்திரிக்கோலை எடு. நானே பிடிச்சு வெட்டித் தாறன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். யோசித்தாள். அந்த யோசனையைக் கண்டதுமே இது கத்திரிக்கோலோடு முடியாது என்று எனக்கு விளங்கிவிட்டது.

"பஸ்ரியன்" என்றாள், "உந்தப் படுத்த மெத்தையை என்ன விலைக்குக் குடுப்பியள்?"

"இது காட்சிக்கு வைச்சது அக்கா, விக்கிறதில்லை."

"எங்கடை மனுசன் கோடை முழுக்கப் படுத்த மெத்தையை இனி வேறை ஆர் வாங்கப்போகினம்? நானும் இதைச் சனத்துக்குச் சொல்லாமல் விடமாட்டன். பக்கத்திலை நிக்கிற அக்காவை உமக்குத் தெரியாது."

பஸ்ரியன் என்னைப் பார்த்தான். அந்த இளம் தம்பதியும் பார்த்தார்கள். விலை மளமளவென்று இறங்கியது. என் பெயரை இப்படி எதெதற்கெல்லாம் பாவிக்கிறார்கள், எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி இல்லை.

அந்தக் கிழமையே பஸ்ரியனின் வான் வண்டிக் கூரையில் கட்டி, காட்சி மெத்தை ஒன்பதாம் மாடிக்கு வந்தது. அதற்கு உறை இல்லை. கடையில் கிடந்தது, கரப்பான் ஏறினாலும் அவ்வளவு பாதகமில்லை என்றாள் சந்திரவதனா. அருள்நாயகம் அதில் படுக்கிறார். போர்மன் மூன்றாம் தரம் அவரைப் பிடிக்கவே இல்லை. கன்னத்தில் சதைகூட வைத்துவிட்டது.

முதல் மெத்தையோ, அந்தப் பிளாஸ்ரிக்குக்குள்ளேயே, அறைச் சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. எந்தச் சுவர்? எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற சுவர். அறையின் அகலத்துக்கு அது ஒன்றுதான் சரியாகப் பொருந்தியதாம். இப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கதை வருவதில்லை, ஒரு சிரிப்பு வருவதில்லை. போன கிழமை இருவரும் ஏதோ பெரிதாகச் சண்டை பிடித்திருக்கிறார்கள், அது எனக்கு வனஜா சொல்லித்தான் தெரியும். ஏழாம் மாடி வனஜா! யாராவது மெத்தை பார்க்கப் போய் அமத்தும்போது மட்டும் சரக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அவ்வளவுதான்.

போய்ச் சொன்னேன். "ரெண்டு மெத்தைக் காசு. ஒண்டு நிண்டுகொண்டிருக்குது. இப்பவாவது கவலையாயில்லையோ?"

"ஒரு துளியும் இல்லை அக்கா" என்றாள் சந்திரவதனா. "வீடு வாங்கின பிறகு பாருங்கோவன்."

அவள் அப்படித்தான். ஆனால் அருள்நாயகம் உள்ளதைச் சொல்லக்கூடிய மனுசன் என்று நம்பி, நேற்று எலிவேற்றரில் வைத்து மறித்துக் கேட்டேன். இருவரும் ஒன்பதாம் மாடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். நிக்கிறதோ, படுக்கிறதோ, எது நல்ல மெத்தை?"

நன்றாய் நித்திரை கொண்ட கண்ணால் என்னைப் பார்த்தார்.

"முதல் வாங்கினதுதான் அக்கா சாமான்" என்றார். "அதைப்போல வராது."

வந்த எரிச்சலில் கதவு திறந்ததும் இறங்கிவிட்டேன். மூடிய பிறகுதான் பார்த்தேன், ஐந்தாம் மாடி.