காட்டேரியின் கோட்டைக்கு இரண்டு பூட்டு

பிரிஜெட் டீச்சரைத் தெரியாதவர்கள் ஒக்கலிபுரத்தில் குறைவு. ஹைஸ்கூலில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பாதிப் பேரை அழவைத்தவள், அன்பியத்தில் ஜெபமாலை சொல்லி மீதிப் பேரைத் தூங்கவைத்தவள். அதே பிரிஜெட் டீச்சர்தான் செல்போனில் 'கோட்டைப் போர்' விளையாட்டில் 'ரத்தக்காட்டேரி' என்ற பெயரில் ஒரு படைக்கே தலைவி. இது அவள் புருஷன் ஆம்ப்ரோஸுக்கு மட்டும்தான் தெரியும். அவரும் வெளியே மூச்சு விடமாட்டார். விட்டால் வீட்டில் சோறு கிடைக்காது.

அந்தக் கோட்டைதான் ஜனவரியில் பறிபோனது. எவனோ ரஷ்யாக்காரன் கம்ப்யூட்டரில் துளை போட்டுத் திருடியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இவளே ஊர் பார்க்கத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

நடந்தது இதுதான். பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். அதற்குத்தான் அன்பியம் என்று பெயர். செயலாளர் மாறும்போது பழைய செயலாளர் எல்லாவற்றையும் சபை நடுவில் ஒப்படைக்க வேண்டும் என்பது வழக்கம். மாதா சுரூபம், மெழுகுவர்த்தித் தண்டு, மைக், பாட்டுப் புத்தகக் கட்டு. இப்போது அன்பியத்தின் மெயிலும் அதில் சேர்த்தி. பிரிஜெட் செயலாளராக இருந்தபோது அந்த மெயிலை அவள்தான் ஆரம்பித்தாள். அதன் பாஸ்வேர்டு என்னவென்று யாரும் கேட்கவே வேண்டாம்: மாதா பெயரும் திருவிழாத் தேதியும். பங்கில் பாதி வீட்டு வைஃபைக்கும் அதுதான். 'கோட்டைப் போர்' முதன்முதலாகப் போனில் இறங்கியபோது, எந்த மெயிலில் கணக்குத் தொடங்க என்று கேட்டது. போனில் இருந்தது அது ஒன்றுதான். 'சரி' என்று அமுக்கிவிட்டாள். அதற்கப்புறம் அதை நினைத்தே பார்க்கவில்லை.

புதுச் செயலாளர் ஜோசஃபின். இருவரும் கான்வென்டில் ஒரே பெஞ்சு. மார்க்கில் ஆரம்பித்த போட்டி, கோயில் பாடகர் குழுவில் யார் குரல் ஓங்குவது என்பது வரைக்கும் வந்திருந்தது. ஜோசஃபின் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் துபாயில். அவளிடம் பிரிஜெட் மெயிலையும் பாஸ்வேர்டையும் ஒப்படைத்து, தன் நேர்மையை எல்லோரும் பார்க்கட்டும் என்று அங்கேயே தன் போனிலிருந்து அந்த மெயிலை நீக்கியும் காட்டினாள். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து விளையாட்டைத் திறந்தால், "புதிய வீரரே, வருக!" என்றது.

"அவளைக் கேட்டு வாங்கிக்கயேன்," என்றார் ஆம்ப்ரோஸ்.

"இன்னான்னு கேக்கறது? நான்தாம்மா ரத்தக்காட்டேரி, என் கோட்டையக் குடுன்னா? நாளைக்கே பங்கு பூரா சிரிக்கும்."

கம்பெனிக்கு எழுதிப் பார்த்தாள். "கணக்கு உங்களுடையதுதான் என்று உறுதிசெய்ய, நீங்கள் பதிவு செய்த மெயிலுக்கு ஒரு குறியெண் அனுப்பியிருக்கிறோம்" என்று பணிவாகப் பதில் வந்தது. அந்த மெயில்தானே போய்விட்டது! பழைய பாஸ்வேர்டைப் போட்டு நுழைந்தால், எந்தப் போன் என்று ஜோசஃபினுக்குத் தகவல் போய்விடும். மறுபடி எழுதினாள். மறுபடியும் குறியெண் ஜோசஃபினுக்கே போனது. கொஞ்ச நேரத்தில் அன்பியத்தின் வாட்ஸப்பில் ஜோசஃபின் குரல் கணீரென்று ஒலித்தது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். யாரோ ஒரு திருடன் நம்ம அன்பியம் மெயிலைத் தொறக்கப் பாக்கறான். கோடு மேல கோடா வந்துகினே இருக்குது. நான் பாஸ்வேர்டை மாத்திட்டேன், ரெண்டாவது பூட்டும் போட்டுட்டேன். இனிமே என் போனுக்கு நம்பர் வந்தாத்தான் தொறக்கும். அந்தத் திருடன் மனந்திரும்பணும்னு எல்லாரும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்க."

வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் விழுந்தன. போடாவிட்டால் சந்தேகம் வருமே என்று திருடியும் ஒன்று போட்டாள்.

மனசு கேட்கவில்லை. புதுக் கணக்கு ஒன்று தொடங்கி, தன் பழைய கோட்டையைத் தெருவில் நின்று வேடிக்கை பார்ப்பவள் போல எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். கோட்டை சும்மா கிடக்கவில்லை. யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். மண்டையோடு தொங்கிய வாசலில் ரோஜாத் தோட்டம். எண்ணெய்க் கொப்பரை இருந்த இடத்தில் நீரூற்று. பிரிஜெட்டுக்கு வயிறு எரிந்தது. யாரென்று கண்டுபிடிக்கவும் ரொம்ப நாள் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில், கோட்டையில் ஆள் இருப்பதைக் காட்டும் விளக்கு அணைந்துவிடும். அன்பியக் கூட்டத்தன்றும் அப்படியே. கடைசி ஆசீர்வாதம் முடிந்து, செருப்பு மாட்டும் நேரம் ஆனதும் விளக்கு எரியும்.

"பத்தினி வேஷம் போட்டுகினு என் கோட்டையில குந்திகினு இருக்கறா!" என்று கத்தினாள். ஆம்ப்ரோஸ் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. படை இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது என்று பார்த்தபோதுதான் பிரிஜெட்டால் தாங்க முடியவில்லை. வருஷக்கணக்காக அவள் திட்டித் திட்டி வளர்த்த படை. சனிக்கிழமை மாலை இறுதிப் போர். கிரீடம் அவள் பெயருக்கு வரும், தலை மட்டும் ஜோசஃபினுடையதாக இருக்கும். சனிக்கிழமைக்குள் கோட்டையை மீட்டாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை அன்பியம் பிரிஜெட் வீட்டில். ஜெபமாலை முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது. ஒவ்வொருவராக வாய்விட்டு வேண்டிக்கொள்வார்கள், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். ஒருத்தி மகன் விசாவுக்கு வேண்டினாள், ஒருவர் முழங்கால் வலிக்கு. பிரிஜெட் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"பிறர் வீட்டுக்குள்ள புகுந்து, பிறர் உழைச்சுக் கட்டினதுல உக்காந்து அனுபவிக்கிறவங்க, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அதைத் திருப்பிக் குடுக்கற நல்ல மனசை அவங்களுக்குத் தரணும்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது கூட்டம்.

ஜோசஃபின் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். பிரிஜெட்டைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் குறியெண், திருடன், காட்டேரி எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, டெலிபோன் ஆபீஸ் குரலில் தேன் ஒழுகத் தொடங்கினாள்.

"தவக்காலத்துல கறி விட்டேன், காப்பி விட்டேன்னு ஊருக்குச் சொல்லிகினு, பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆண்டவர் சிலுவையில உயிர் விட்ட நேரத்துல, அடுத்தவன் கோட்டைக்குத் தீ வெச்ச ஆத்துமாக்களுக்காக. போன வருஷத்துப் போர்க் கணக்கு அப்படியே இருக்குது ஆண்டவரே, நான் பாத்தேன். அவங்களை மன்னிக்கணும்னு உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பதில் முன்னைவிட பலமாகவே வந்தது. மேற்கொண்டு யாரும் வேண்டுவதற்குள் பிரிஜெட் அவசரமாகப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாள்.

மற்றவர்கள் சமோசாவும் டீயுமாக ஹாலில் இருக்க, ஜோசஃபினைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"அது என்னுது, ஜோசி."

"தெரியாம உள்ள போயிட்டேன்டி. 'உங்கள் கோட்டை தாக்கப்படுகிறது'ன்னு மெயில் வந்துச்சு. எவன் கோட்டையோ, பாவம்னு தொட்டேன், தொறந்துகிச்சு." ஜோசஃபின் ஸ்லாபில் சாய்ந்துகொண்டாள். "சாத்திட்டு வந்திருக்கணும். வரல. காலையில போனை எடுத்தா, 'குட் மார்னிங் அக்கா'ன்னு நாப்பது பேர் சொல்றாங்க. அவர் போனதுக்கு அப்புறம் என் வீட்டுல யார் சொல்றா குட் மார்னிங்?"

பிரிஜெட்டுக்கு ஒரு கணம் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு கணம்தான். "நாளைக்குப் போர் இருக்குது. குடுத்துடு."

ஜோசஃபின் போனை எடுத்து நீட்டினாள். அதில் வந்த குறியெண்ணைப் பிரிஜெட் தன் போனில் அடித்ததும் கோட்டை அங்கே திறந்தது.

மறுநாள் மத்தியானம் பிரிஜெட் கோட்டையைப் பூட்டிய அழகைப் பார்க்க வேண்டுமே! தனக்கென்றே ஒரு மெயில். மாதாவும் வராத, தேதியும் வராத, தனக்கே இரண்டு தடவை தப்பிய நீளத்துக்கு ஒரு பாஸ்வேர்டு. தன் போனுக்கு மட்டும் வரும் குறியெண். மற்ற போன்களிலிருந்தெல்லாம் வெளியேற்றம். ஆம்ப்ரோஸ் என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்த்தபோது அவரையும் வெளியேற்றினாள். ரோஜாத் தோட்டத்தைப் பிடுங்கி எறிந்து மண்டையோட்டை மாட்டினாள். பிறகு படையின் அரட்டைப் பக்கத்தைத் திறந்து, எத்தனையோ மாத ஏக்கத்தைக் கொட்டித் தீர்த்தாள்.

"எங்கடா தொலைஞ்சீங்க கழுதைங்களா? கிழக்குச் செவுரு பல்லை இளிக்குது. பீரங்கிக்கு எவன் பொறுப்பு?"

உபதலைவன் தேஜஸ் எழுதினான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, சனிக்கிழமையும் ஷிஃப்ட், ஆபீஸ் வண்டியில் போய்க்கொண்டே ஆடுபவன். பிரிஜெட்டுக்கு அவன் பெயரே புதிது.

"அக்கா, நீங்கதானா?"

"நான் இல்லாம உங்க தாத்தனா? பீரங்கிய ஏத்துடா!"

"எல்லாரும் உஷார் குரு. அக்கா ஐடி ஹேக் ஆயிடுச்சு. தோட்டத்தக்கூட அழிச்சிட்டான் பாரு," என்று படைக்கு எழுதினான் தேஜஸ்.

பிரிஜெட் பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அவளிடம் திட்டு வாங்கிய பழைய ஆட்களில் ஒருவன்கூட இல்லை. எல்லோரும் எப்போதோ ஓடிவிட்டிருந்தார்கள். இறுதிப் போட்டி வரை வந்த இந்தப் படை முழுக்க ஜோசஃபின் சேர்த்தது.

"நான்தான் ரத்தக்காட்டேரி. இந்தக் கோட்டையக் கட்டினவளே நான்தான்," என்று எழுதினாள்.

"திருடனுங்க எல்லாம் அப்டித்தான் சொல்வானுங்க. அக்கா கிடைக்கற வரைக்கும் போர் வேணாம், வாங்க வெளிய போலாம்," என்றான் தேஜஸ். ஒருவன் விலகினான். இன்னொருவன். பட்டியல் கரையத் தொடங்கியது. பாஸ்வேர்டு இருந்தது, குறியெண் இருந்தது, இரண்டு பூட்டும் ஒழுங்காகவே பூட்டியிருந்தன. உள்ளே அவள் ஒருத்திதான் இருந்தாள்.

மானத்தைப் பார்த்தால் முடியாது. போன் போட்டாள்.

"ஜோசி, எல்லாரும் போறானுங்க. நான் திருடின்றானுங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கூடவே மூக்கை உறிஞ்சும் சத்தமும். "என்னை அங்க தேடறாங்களா?"

"தேடறாங்க," என்றாள் பிரிஜெட். அதைச் சொல்வது அவளுக்கு எட்டிக்காயாகத்தான் இருந்தது.

"சரி, நான் சொல்றத அப்டியே எழுது. முதல்ல, 'கண்ணுங்களா, சாப்ட்டீங்களா?'ன்னு கேளு."

"அதெல்லாம் என்னால எழுத முடியாது."

"அப்போ வெச்சிடவா?"

பிரிஜெட் கண்ணை மூடித் திறந்து, ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அடித்தாள். கண்ணுங்களா, சாப்ட்டீங்களா?

"அக்கா!" என்றான் தேஜஸ். "எங்க போயிட்டீங்க? எவனோ ஒரு சைக்கோ உள்ள வந்து எங்களத் திட்டினான்."

"இன்னா சொல்றாங்க?" என்றாள் ஜோசஃபின் ஆவலாக.

"ஒண்ணுமில்ல," என்றாள் பிரிஜெட். "போனை வெச்சிடாத. அடுத்தது இன்னா எழுதணும், சொல்லு."