தரணீதரனின் கடைசி வரி

தரணீதரன் எழுதும் குறிப்புகளைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் படிக்காமல் இருக்க முடியாது. படித்து, தேறுமா தேறாதா என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் அலுவலகம் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில், ஒரு நூல் கடையின் மாடியில் இருக்கிறது. பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். செய்கிறோம் என்பது பேச்சுக்குத்தான். புரோகிராம் எழுதுவது இப்போது ஏஐ ஏஜென்ட். என்ன செய்ய வேண்டும், எதில் கவனம் வேண்டும் என்று அதற்குக் குறிப்பு எழுதுவது தரணீதரன். அந்தக் குறிப்பு நல்ல குறிப்பா என்று பார்ப்பது நான். ஒரே வேலையை அதே குறிப்போடு ஏஜென்டிடம் திரும்பத் திரும்பக் கொடுப்பேன். ஒரு தடவை சரியாகவும் ஒரு தடவை தப்பாகவும் செய்தால் குறிப்பில் கோளாறு. எந்தக் குறிப்பானாலும் நான் கேட்பது மூன்றுதான். என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும்.

நான் கோவில்பட்டிக்காரி. கதவைச் சாத்த வேண்டும் என்றால் எங்கள் ஊரில் "கதவைச் சாத்து" என்போம். தரணீதரனுக்குச் சாமளாபுரம். அவர், "காத்து கொஞ்சம் ஜாஸ்தியா வருதுங்க" என்பார். கதவு அதற்குள் எங்கேயோ இருக்கும், நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.

அந்த வாரம் எனக்கு மனசே சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரில் என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை சென்னையில் பேங்கில் இருக்கிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் பெரிய தொந்தரவு. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. எனக்குத் தரணீதரனைப் பிடிக்கும். இரண்டு வருடமாகப் பிடிக்கும். அவருக்கு என்னைப் பிடிக்குமா என்பதுதான் தெரியவில்லை. தெரியாத ஒன்றைக் காட்டி அம்மாவிடம் சண்டை போட முடியுமா?

திங்கட்கிழமை சாயங்காலம் பார்கோடு மெஷினைப் பற்றி அவர் வெகுநேரம் பேசினார். எந்த மெஷின், அது ஏன் நல்லது, எந்தக் கடையில் கிடைக்கும், எல்லாம் சொன்னார். ஹெல்மெட்டைக் கையில் எடுத்த பிறகு, வாசலைப் பார்த்தபடி ஒன்று சொன்னார்.

"ஞாயித்துக்கெழம எங்கூர்ல நோம்பிங்க. தோதுப்பட்டா நீங்க ஊட்டுக்கு வந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க. அம்மாவும் கேட்டாங்க."

திருவிழா என்றால் எல்லோரையும் கூப்பிடுவார்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன். "இல்ல தரணி, ஊருக்குப் போறேன். பொண்ணு பாக்க வாராங்க" என்றேன்.

"அப்படீங்களா. நல்லதுங்க" என்றார். கையில் எடுத்த ஹெல்மெட்டை மறுபடி மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மறதிக்காரர் என்று நான் சிரித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கட்டிங் செக்‌ஷனுக்கான பக்கத்தைச் சோதித்தேன். சாயப்பட்டறையிலிருந்து துணி லாட் லாட்டாக வரும்; ஒரே தடவையில் சாயம் ஏற்றியது ஒரு லாட். ஒரே நீலம்தான், ஆனால் இந்த லாட்டுக்கும் அந்த லாட்டுக்கும் இழையளவு வித்தியாசம் இருக்கும். தரணீதரனின் குறிப்பில், திரையில் பொத்தான் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் அரைப் பக்கம். கட்டிங் மாஸ்டர் அவசரத்தில் தொடுவார், கண்ணாடி போட மறந்திருப்பார், பாவம் என்று காரணம் வேறு. எல்லாவற்றுக்கும் கீழே கடைசி வரி இப்படி இருந்தது: தோதுப்பட்டா லாட் நம்பர் கலக்காமப் பாத்துக்கிட்டா நல்லாருக்குமுங்க.

ஏஜென்டுக்குச் சில தடவை தோதுப்பட்டது. சில தடவை தோதுப்படவில்லை. நிறம் ஒன்றுதானே என்று எல்லா லாட்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. சோதனையிலேயே பிடித்துவிட்டதால் பிழைத்தோம்.

நேராக அவர் மேசைக்குப் போனேன்.

"தரணி, லாட் கலந்தா என்ன ஆகும்?"

"அய்யோ, சட்டைல உடம்பு ஒரு கலரு, கை ஒரு கலரு ஆயிப்போயிருமுங்க. ஆர்டரே போயிருமுங்க."

"அப்போ இதுதான இதுல பெரிய விசயம்? பொத்தானுக்கு அரைப் பக்கம் எழுதிட்டு, இதைக் கொண்டுபோய்க் கடைசில வச்சிருக்கீங்க. அதுவும் தோதுப்பட்டான்னு."

அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "பெருசுங்கறதாலதானுங்க அப்படி எழுதுனேன். சின்ன விசயம்னா இதச் செய்யின்னு சொல்லிப்போடலாம். பெருசா ஒண்ண ஒருத்தர்கிட்டக் கேக்கறப்ப, முடியாதுன்னு சொல்றதுக்கும் அவங்களுக்கு எடம் உடோணுமில்லீங்க."

"ஏஜென்டுக்கு எதுக்கு இடம்? அதுகிட்டப் போய் என்ன மரியாதை?"

"பழகிப்போச்சுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வரியை அடித்துவிட்டு நானே எழுதினேன்: லாட்களைச் சேர்க்கவே கூடாது. எத்தனை தடவை ஓட்டினாலும் கட்டிங் பக்கம் சுத்தமாக வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் குடோன் கணக்கைத் திறந்தால், மொத்தம் எவ்வளவு நீலத் துணி இருக்கிறது என்று கூட்டிச் சொல்ல மாட்டேன் என்கிறது ஏஜென்ட். சேர்க்கவே கூடாது என்று நான்தானே சொல்லியிருக்கிறேன்!

தரணீதரன் எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏன்னு சொல்லாம உட்டுட்டீங்களே" என்றார்.

இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். ஒரே சட்டைக்கு இரண்டு லாட் துணி கண்டிப்பாகப் போகக்கூடாது, போனால் உடம்பும் கையும் வேறு வேறு நிறமாகி அந்தச் சட்டை வீணாகிவிடும் என்று எழுதினோம். கண்டிப்பு என்னுடையது, காரணம் அவருடையது. அதன்பிறகு கட்டிங்கும் சரியாக வந்தது, குடோன் கணக்கும் சரியாக வந்தது.

தேறியது என்று குறிக்கப் போனபோதுதான் அந்தப் பழைய கடைசி வரி மறுபடி கண்ணில் பட்டது. திங்கட்கிழமை வாசலைப் பார்த்தபடி அவர் சொன்னது காதில் கேட்டது. மேசையிலேயே இருந்துவிட்ட ஹெல்மெட்டும் நினைவுக்கு வந்தது.

"தரணி, நோம்பிக்கு ஆபீஸ்ல வேற யாரைக் கூப்பிட்டீங்க?"

"ஆரையும் கூப்புடலீங்க."

"அப்போ திங்கக்கிழமை நீங்க சொன்னது தேறல. திருத்திச் சொல்லுங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. காது மடல் சிவந்துபோனது. பக்கத்துப் பாத்திரப் பட்டறையில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நிற்கட்டும் என்று காத்திருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

"ஞாயித்துக்கெழம எங்க ஊட்டுக்கு வாங்க."

"தோதுப்பட்டாவா?"

"இல்லீங்க. கண்டிப்பா வரோணும்."

"ஏன்?"

"உங்களத்தான் கட்டிக்கோணும்னு அம்மாகிட்டச் சொல்லீட்டனுங்க. உங்ககிட்டச் சொல்லத்தான் தைரியம் வல்லீங்க."

நான் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். ஆனாலும் மூன்றாவது கேள்வியை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. "வரலன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. எப்பவும்போல வருவேன், வேலை பாப்பேன். இந்த மேசப் பக்கம் மட்டும் பாக்கமாட்டனுங்க."

இரண்டு வருடமாக இந்த மனிதரின் எழுத்தில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் நான். இதில் திருத்த ஒன்றும் இல்லை. அழுகை வந்துவிடும் போலிருந்ததால் போனை எடுத்து, அவர் முன்னாலேயே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, நாளைக்கு நான் வரல. அவங்களையும் வரவேண்டாம்னு சொல்லிரு."

வழக்கமாக நான் அத்தோடு போனை வைத்துவிடுவேன். அம்மா கத்துவாள், நானும் கத்துவேன். இந்தத் தடவை வைக்கவில்லை.

"ஏன்னு சொல்லுதேன், கேளு. எனக்கு இங்க ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளாப் பிடிச்சிருக்கு. நீ அவரைப் பாக்காம நான் எதுவும் முடிவு பண்ண மாட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டேன். "உனக்குத் தோதுப்பட்டா, ஞாயித்துக்கிழமை நீ திருப்பூருக்கு வந்தா நல்லாருக்கும்மா."

அம்மா கத்தவில்லை.

"ஏட்டி, இப்படிப் பதமாப் பேச உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"அவருதாம்மா" என்றேன்.