மாணிக்கம் எறிந்த கிட்டார்

என் மனைவி வள்ளிநாயகியின் நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. பட்டாணி அளவுதான். ஆனால் அவள் அதைக் காட்டும் தோரணையில் அது அரசாங்கப் பதக்கம் ஆகிவிடும். "மாணிக்கம் கிட்டாரை எறிஞ்சாரே, அதுல பட்டது!" நாற்பது வருஷமாக இதே கதை. குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவர்கூடத் தப்பவில்லை.

அந்த மாணிக்கம்தான் ஊரறிந்த ராக் பாடகர். சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் அவன் வெல்டர், பேரின்பம் என்ற நான் ஸ்டோர் கிளார்க், ஒரே இசைக்குழு. அவன் பாடினால் கடலுக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் நாய் குரைக்கும். நான் பாஸ் கிட்டார் வாசித்தேன். எந்த நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருநாள் மேடையிலிருந்து கிட்டாரைக் கூட்டத்துக்குள் வீசினான். பத்திரிகைகள் திட்டின, மண்டபங்கள் கதவைச் சாத்தின, ஊரே அவன் பின்னால் போனது. பிறகு விருதுக் கோப்பையை மீன்தொட்டிக்குள் போட்டான், மூன்று கல்யாணம் செய்தான். (கதை சொல்லும்போது நான் பதினொன்று என்றுதான் சொல்வேன்.)

உண்மை வேறு. அன்று அவன் கிட்டார் வார் அறுந்துவிட்டது. நான்தான் ஆபீஸில் கோப்பு கட்டும் சிவப்பு நாடாவால் கட்டிக் கொடுத்தேன். கிளார்க் கை பழகிய முடிச்சு: ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். மாணிக்கம் சுழன்றான், அவிழ்ந்தது, பறந்தது. ஆபீஸ் நாடாவைச் சொந்த வேலைக்கு எடுத்ததற்கு விசாரணை வருமே என்று, ஓய்வு பெறும்வரை நான் வாயைத் திறக்கவில்லை; அப்புறம் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் மோகனப்பிரியா என்ற பெண் அவனைப் பற்றிப் படம் எடுக்க, எங்களைத் தேக்காவில் ஒரு காப்பிக் கடைக்குக் கூப்பிட்டாள். வள்ளி காலை பத்து மணிக்குப் பட்டுப் புடவையில் வந்தாள். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அக்கறையாக உடுத்தவில்லை. மாணிக்கம் அந்த வெயிலிலும் தோல் ஜாக்கெட்.

"அந்த எறிதல் எப்படி வந்துச்சு சார்?"

"உள்ள ஒரு தீ, அம்மா…"

"தீயா? என் நாடா!" என்று கத்தி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மோகனப்பிரியா சிரித்தாள். "அங்கிள், நீங்க செம காமெடி லா!"

மாணிக்கம் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "இல்லம்மா, பேரின்பம் சொல்றது நெசம். நான் அதைப் பிடிக்கத்தான் தாவினேன்."

நான் வெற்றியோடு வள்ளியைப் பார்த்தேன். அவள் விரல் தழும்பில் இருந்தது.

"அப்ப என் மண்டையை உடைச்சது நீங்களா?"

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு யும்னா கறிவேப்பிலை கேட்டு வந்தார். வள்ளி அதே பதக்கத் தோரணையில் நெற்றியைக் காட்டினாள். "இது பாருங்க, இவர் போட்டது. அந்த மாணிக்கமெல்லாம் இல்ல, இவரேதான்!"

யும்னா என்னைக் கொலைகாரனைப் போல் முறைத்தார்.

நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.