கடைசியாகக் குடியிருந்த ஊர்

சாட்சிக் கூண்டில் ஏறிய சாலோமி தரையைத்தான் பார்த்தாள். நிமிர்ந்தால் எதிரே புருஷன் கிருபைராஜ். கண்டித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் கண்டக்டர் உத்தியோகம். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் ஞாயிறு ஆராதனைக்கு வந்தவன் என்றே எவரும் நினைப்பார்கள். கண்டியில் வேறொருத்தியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்ததும், ஏனென்று கேட்டவளைப் பிரம்பால் விளாசியதும் அந்தக் கோட்டில் எங்கே தெரியப்போகிறது?

போன வருஷம் அண்ணன் தேவசிகாமணிதான் கடல் தாண்டிப் போய் அவளைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிவந்தான். விவாகரத்துக்கு மனுப் போட்டார்கள். அடித்தானா இல்லையா என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. இதை விசாரிக்கத் திருநெல்வேலி ஜில்லாக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா என்றுதான் மூன்று வாய்தாவாகப் பேச்சு. வீடு பற்றி எரியும்போது கிணறு யாருக்குச் சொந்தமென்று பட்டா தேடுகிற கதை.

காலையிலேயே அவளுடைய வக்கீல் குற்றாலலிங்கம் பிள்ளை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"தாயி, நீங்க ரெண்டுபேரும் கடைசியாச் சேந்து குடியிருந்த ஊரு எதுன்னுதான் சட்டம் கேக்கும். இந்த ஊருன்னா இங்கன விசாரிப்பாவ. கண்டின்னா மனுவைத் தள்ளிருவாவ. பொறவு அவன் பொண்டாட்டிய அவன் கூட்டிட்டுப் போறத ஒங்க அண்ணனால மறிக்க முடியாது. மனுப் போடுறதுக்கு முன்ன கிறிஸ்மசுக்கு வந்தவன் பத்து நாளு ஒங்க வீட்டுல தங்குனாம்லா? சேந்துதான் இருந்தோம்னு சொல்லிரு. மத்தது ஒண்ணும் பேசாத."

அப்படியே சொன்னாள். மொழிபெயர்ப்பவர் இங்கிலீஷில் சொல்ல, ஜட்ஜ் துரை எழுதிக்கொண்டார். எதிர்வக்கீல் எழுந்தார். குரலில் அத்தனை மரியாதை.

"புருஷன் பெண்சாதியாப் பத்து நாள் சேர்ந்து வாழ்ந்திருக்கீங்க. அப்போ அவர் செஞ்சதையெல்லாம் மன்னிச்சிட்டீங்க. மன்னிச்ச குத்தத்துக்கு எதுக்கும்மா வழக்கு?"

மன்னிப்பா? வக்கீல் சொன்ன புத்தியெல்லாம் பறந்துபோயிற்று.

"நான் மன்னிக்கல அய்யா! அடுக்களைக் கதவத் தாழ் போட்டுக்கிட்டு, அரிவாமணையத் தலைமாட்டுல வச்சுல்லா கெடந்தேன்! ஒரு ராத்திரிகூட அவிய பக்கத்துல நான் போகல!"

"சேர்ந்து குடியிருக்கவில்லை என்று அம்மாளே சொல்லிவிட்டார்கள்" என்று துரையை வணங்கிவிட்டு எதிர்வக்கீல் உட்கார்ந்தார்.

குற்றாலலிங்கம் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டதும்தான் அவளுக்கு விளங்கியது. உயிரைக் காத்த தாழ்ப்பாளே அவளைக் கப்பலேற்றப் பார்க்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு உத்தரவு என்று சொல்லித் துரை எழுந்து போனார்.

தாழ்வாரத்தில் அண்ணன் அவள் கையை விடாமல் பிடித்திருந்தான். "பயப்படாதட்டி" என்றான். கிருபைராஜ் நேரே அவர்களிடம் வந்தான்.

"மச்சான், உத்தரவு எப்பிடி ஆனாலும் நமக்குள்ள வருத்தம் வேண்டாம்" என்றான். பிறகு அவளைப் பார்த்து, "தூத்துக்குடில கப்பலுக்கு ரெண்டு சீட்டு வாங்கியாச்சு" என்றான்.

பதிலுக்கு நிற்கவில்லை. புளியமரத்தடியில் நின்ற ஜட்கா வண்டிக்குப் போய், உள்ளே கிடந்த வைக்கோலைத் தன் கையாலேயே தட்டிப் பரப்பி, மேலே போர்வையை விரித்தான். வண்டிக்காரன் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைக்கப் போனான்.

"அங்கன வைக்காதலே, அவ உக்காரணும்" என்று சொல்லி, கிருபைராஜ் அதை வாங்கி ஓரத்தில் வைத்தான்.